கூத்துக் கொப்பி எங்கும் போகவில்லை

கல்லடி,
மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாக வாசி. மாமாவின் கொப்பியிலிருந்து நீ தட்டி ஏற்றிய கூத்து எங்கும் போகவில்லை. உன் தளத்தை நடத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருள் உறைந்து நின்றாலும் எழுத்தெல்லாம் டேட்டாபேஸ் என்ற சேமிப்பிடத்தில் தனியாக இருக்கிறது. "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது. தளத்துக்கு இடம் தருகிற ஹோஸ்டிங் பக்கத்தில் அவசரப்பட்டு அழிக்கும்போது டேட்டாபேஸும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே முதல் வேலை, ஹோஸ்டிங் பக்கத்தில் டேட்டாபேஸைத் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினுக்குள் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடு. எடுத்ததோடு விடாதே, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து தமிழ் வடிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா பார். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட் வேண்டும். பழைய டேட்டாபேஸ் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று பதிந்திருந்தால் அந்த மூன்றும் பிரிந்து விளங்காத குறிகளாக வரும். அப்படி வந்தால் ஒன்றையும் தொடாமல் எனக்கு அனுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தளம் வாசிக்கிறவர்களுக்குத் திறக்கிறது. நீ உள்ளே நுழைந்து வேலை செய்கிற டாஷ்போர்டும் வருகிறது. சின்ன வசந்தன் பாட்டைத் திருத்தப் போனால் அதுவும் வருகிறது. முழுக் கூத்தும் இருக்கிற அந்த ஒரு பக்கத்தைத் திருத்தப் போனால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, கடைசியில் பிரவுசரே பதில் இல்லை என்கிறது. இவ்வளவையும் கவனித்து எழுதினாயே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. அது சுற்றும்போது இன்னொரு டேபில் தளத்தின் வேறு பக்கம் ஒன்றைத் திறந்து பார். உடனே வந்தால் சேவரில் குறையில்லை, நிற்பது உன் லப்டொப்பில்.

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீ இவ்வளவு காலமும் வேர்ட்பிரஸின் 4.9 பதிப்பிலேயே இருந்துவிட்டு இப்போதுதான் புதியதுக்கு மாறினாய். 2018 டிசம்பரில் வந்த 5.0இலிருந்து எழுதும் இடமே மாறிவிட்டது. ஒவ்வொரு பந்தியும் இப்போது ஒரு தனி பிளாக். பழைய பக்கங்களை அது முதலில் ஒரே துண்டாகத்தான் காட்டும். அதை பிளாக்குகளாக மாற்றும் பட்டனை நீ அமத்திச் சேமித்திருந்தால், கூத்து முழுவதும் துண்டு துண்டாகியிருக்கும். விருத்தம், கொச்சகம், தரு என்ற பாட்டு வகைகள், வசனம் எல்லாம் தனித்தனி. அதிலும் 'தா', 'தெய்' என்று ஒரு சொல்லே ஒரு வரியாக நிற்கிற தாளக்கட்டுகளை நீ இடையில் ஒரு வரி வெறுமையாக விட்டுத்தானே தட்டினாய், அவை ஒவ்வொன்றும் ஒரு பிளாக். விடிய விடிய ஆடுகிற கூத்து, ஆயிரக்கணக்கில் பிளாக் வந்திருக்கும். அத்தனையையும் ஒரே நேரத்தில் விரிக்க அந்தப் பழைய லப்டொப்பால் ஏலாது.

டாஷ்போர்டில் பிளகின், அதாவது துணைக் கருவிகள் சேர்க்கிற பக்கத்தில் கிளாசிக் எடிட்டர் என்று தேடிப் போடு. வேர்ட்பிரஸ்காரர்களே தருவது, காசில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் பழையபடி ஒரே எழுத்தாகத் திறக்கும். கீழே பழைய திருத்தங்களின் பட்டியலும் இருக்கும், மாற்றுவதற்கு முன்பு சேமித்த பிரதியை அங்கிருந்து மீட்கலாம்.

மீட்டதும் ஒரு வேலை செய், இது என் வேண்டுகோள். முழுக் கூத்தையும் ஒரே பக்கத்தில் வைக்காதே. கட்டியகாரன் வரவு ஒரு பக்கம், அரசன் வரவு ஒரு பக்கம் என்று பிரி. பொடியன்கள் போனைப் பார்த்துத்தான் பாட்டுப் பழகுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். தன்னுடைய தரு எங்கே என்று அவ்வளவு நீளப் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம்! ஆடுகிறவர்களுக்குச் சதங்கை கட்டும் சதங்கை அணிக்கு முன்பு அவனவன் பாட்டு அவனவன் கைக்குள் இருக்க வேண்டும்.

ஒருவேளை டாஷ்போர்டே வராமல் போனால் பயப்படாதே. ஹோஸ்டிங் பக்கத்தில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு டாஷ்போர்டில் பிளகின் பக்கத்தைத் திற, எல்லாப் பிளகினும் நின்றுவிடும். அப்புறம் பெயரைத் திருப்பி வைத்து ஒவ்வொன்றாக இயக்கினால் குழப்புகிறது எது என்று பிடிபடும். பராமரிப்பு நடக்கிறது என்ற வரி வந்தால் 10 நிமிடம் பொறு, அது தானாக விலகும். மெயிலையும் பார்த்துக்கொள். 5.2இலிருந்து பெரிய பிழை வந்தால் தளத்துக்குள் நுழைய ஒரு லிங்க் அனுப்புகிறது, ஸ்பாமில் கிடக்கலாம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யத்தான் எழுதினேன்.

இங்கே எல்லோரும் சுகம். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள், கூத்தைப் பிரித்துத் தட்டும் வேலையில் தானும் உதவுவாளாம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? வலையிறவுப் பாலத்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் மாமாவின் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து வை. மை மங்கிய பக்கங்களை வெயில் வெளிச்சத்தில் எடு.

அன்புடன்,
உன் மச்சான்