தவணைத் தாளுக்குக் காசு கேட்கும் இலவசக் கல்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

அவிசாவளைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் என் மகன் 9ஆம் தரம் படிக்கிறான். போன மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தவணைப் பரீட்சைத் தாள் போட்டோக் கொப்பி எடுக்க ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினோம். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த நூறு ரூபாய்த் தாள்களை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடிந்துகொண்டார். மூன்று பிள்ளைக்கும் சேர்த்து இப்ப ஏலாது, சம்பளம் வந்ததும் தாறன் என்றார். அதிபருக்கு முகம் தூக்க முடியவில்லை.

என் அண்ணன் மகள் படிக்கும் பாடசாலையும் இதே கொழும்பு மாவட்டம்தான், ஆனால் நகரத்துக்குள். அங்கே லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்பி ஆய்வுகூடத்தையே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, படித்த இடத்துக்குச் செய்கிறார்கள், நல்ல விஷயம். எங்கள் பாடசாலையில் படித்தவர்கள் பெரும்பாலும் இன்னும் அதே தோட்டத்து லய வீடுகளில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் என்னத்தைக் கேட்பது?

ஆசிரியர் சம்பளம், பாடப் புத்தகம், சீருடை எல்லாம் அரசாங்கம் தருகிறதே என்பார்கள். சரி, தருகிறது. இரசாயனப் பொருள், உடைந்த குழாய், அச்சு மை, இதெல்லாம் யார் தலையில் விழுகிறது? கட்டாயப்படுத்திக் காசு வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது, வாங்காவிட்டால் பரீட்சைத் தாள் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லை.

தேசியப் பாடசாலைகளை மத்திய கல்வி அமைச்சு பார்க்கிறது, எங்களுடையதைப் போன்றவை மாகாண சபையின் கீழ். மேல் மாகாணம் நாட்டிலேயே வசதியான மாகாணம் என்பதால் அதன் ஓரத்தில் கிடக்கும் எங்களை யாரும் கஷ்டப் பிரதேசமாக நினைப்பதே இல்லை. நல்ல பாடசாலைக்கு மாற்றுங்களேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: முதலாம் தர அனுமதியில் பாதி இடம் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. கொழும்பு நகரத்து வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு எடுக்க முடிந்தவருக்கு அது கிடைக்கும், தோட்டத்தில் இருப்பவருக்கு எப்படிக் கிடைக்கும்?

தர உள்ளீட்டுக்கென்று, அதாவது கற்றல் கற்பித்தலுக்குத் தேவையான பொருள்களுக்கென்று, பாடசாலைகளுக்கு அரசாங்கம் ஒதுக்கும் பணத்தைப் பங்கிடும்போது, ஒரு பாடசாலை தானாக எவ்வளவு திரட்டுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு பாடசாலையும் பழைய மாணவர் சங்கம் மூலமும் பெற்றோர் மூலமும் வருடத்துக்கு எவ்வளவு பெறுகிறது என்பதை வலயக் கல்விப் பணிமனை வெளியிடட்டும். திரட்ட வழியில்லாத இடத்துக்கு அரசாங்கம் கூடுதலாகக் கொடுக்கட்டும். அடுத்த தவணைக்கு முன்னால் குறைந்தது பரீட்சைத் தாள் செலவையாவது மாகாணக் கல்வித் திணைக்களம் பொறுப்பேற்க வேண்டும், அந்த அம்மா இன்னொரு கூட்டத்தில் தலைப்பு முடிச்சை அவிழ்க்க நேரக் கூடாது.

ஒரு பெற்றோர்,
அவிசாவளை