அம்மாவின் மதியத் தூக்கத்தைக் காத்துக் கொடுத்த எங்கள் கட்டடத்தாருக்கு

செம்பூரில் எங்கள் சொசைட்டியில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்துதான் நன்றி சொல்ல நினைத்தேன். அம்மாவை விட்டு அதிக நேரம் வெளியே இருக்க முடியாததால் இந்த மடல். தமிழ் படிக்காதவர்களுக்காக இதையே மராத்தியில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன்.

அம்மா குளியலறையில் விழுந்த அந்த ராத்திரி, கேட்டருகே நின்ற கார்களைத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து நகர்த்தியவர்களுக்கும், லிஃப்டில் நுழையாத ஸ்ட்ரெச்சரைப் படி வழியாகப் பிடித்து இறக்கிய பையன்களுக்கும் முதல் நன்றி. அவசரம் என்றால் மும்பைக்காரர்கள் ஓடி வருவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. அவசரமெல்லாம் அடங்கி, யாரும் கவனிக்கத் தேவையில்லாத நாட்களிலும் நீங்கள் கவனித்தீர்கள்.

தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த அம்மாவுக்குச் சத்தம் கொஞ்சமும் ஆகவில்லை. ஸ்பூன் கீழே விழுந்தாலே உடம்பு தூக்கிப் போடும். தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஆவது உண்டு, நன்றாகத் தூங்க விடுங்கள் என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்துவிட்டு, மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரைதான் அம்மா கண் அசருவார்.

அந்த மூன்று மணி நேரத்துக்கென்று தனியாக எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. ராத்திரி என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் குடியிருப்புகளில் சத்தம் போடும் கட்டுமான மெஷின்களை ஓட்டக் கூடாது. பகலில் ஓட்டலாம். அதாவது ஐந்தாம் மாடியில் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சொசைட்டி அனுமதி வாங்கி, பகல் நேரத்தில், முறையாகத்தான் வேலை செய்தார்கள். கான்கிரீட் கட்டடத்தில் தூணும் தளமும் அதிர்வை அப்படியே கடத்தும். அங்கே துளைபோட்டால் இரண்டாம் மாடியில் எங்கள் சுவரையே துளைப்பது போல் இருக்கும்.

நான் போய்க் கேட்கவே இல்லை. வாட்ச்மேன் மூலம் விஷயம் தெரிந்து அவர்களே இறங்கி வந்தார்கள். ஒன்றிலிருந்து நாலு வரை மெஷின் ஓடாது, அந்த நேரத்தில் மிஸ்திரி பூச்சு வேலை, அளவெடுக்கிற வேலை மட்டும் பார்ப்பார் என்றார்கள். இதனால் வேலை இழுத்துக்கொண்டே போனது, கூலியும் கூடியிருக்கும். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதைவிடப் பெரிய உதவி, மறுநாள் எந்த நேரத்தில் துளைபோடுவார்கள் என்று முந்தின சாயங்காலமே எழுதி லிஃப்டுக்குள் ஒட்டியது. “பத்து மணிக்குச் சத்தம் வரும்மா” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அம்மா பயப்பட மாட்டார். திடீரென்று வருவதுதான் அவரை உலுக்கியது. வீட்டில் வேலை வைத்திருக்கும் எல்லோரும் இப்படி ஒரு சீட்டு ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும்தான் செலவு.

எங்களுக்கு நேர் மேல் வீட்டு மாமி செய்ததை வெகு நாள் கழித்துத்தான் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளின் கால்களில் பழைய டென்னிஸ் பந்துகள். ஒவ்வொரு பந்திலும் கூட்டல் குறி போலக் கத்தியால் கீறி, காலை அதற்குள் சொருகியிருந்தார். நாற்காலியை இழுத்தால் சத்தமே இல்லை. காம்பவுண்டில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் கேட்டு வாங்கிய பந்துகளாம். “மேலே இருக்கறவாளுக்குக் கீழே என்ன கேக்கறதுன்னு எப்படித் தெரியும், அதான் நானே யோசிச்சேன்” என்றார். மாமி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம் கண்பதி, அதாவது விநாயகர் சதுர்த்தி. பண்டிகை நாட்களில் சில தேதிகளுக்கு நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைக்க அரசே தளர்வு கொடுக்கிறது. நம் கட்டடத்துப் பிள்ளைகள் வருஷம் முழுக்க எதிர்பார்க்கும் நாட்கள் அவை. இந்த வருஷம் மண்டபத்து ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் திருப்பிவைத்து, ஆரத்திக்கு அதையும் அணைத்துவிட்டு, கைத்தட்டலோடும் தாளத்தோடும் பாடினீர்கள். அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலி போடச் சொல்லி முழு ஆரத்தியையும் கேட்டார். கமிட்டியில் இதற்காகப் பேசிய மராத்தி அண்ணன்மாருக்கு என் கைகூப்பு.

டெலிவரிப் பையன்களைக் கேட்டிலேயே நிறுத்தி, “ஹார்ன் வேண்டாம், உள்ளே ஒரு அம்மா தூங்குகிறார்” என்று சலிக்காமல் சொன்ன வாட்ச்மேன் இரண்டு பேரும் இதையெல்லாம் சம்பளத்துக்காகச் செய்யவில்லை. இந்தத் தீபாவளிக்கு அவர்களுக்குக் கொடுப்பதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா இப்போது ராத்திரியிலேயே நன்றாகத் தூங்குகிறார். சாயங்காலம் கைத்தடியோடு காம்பவுண்டில் நடக்கிறார். பேச ஆள் தேடுகிறார், நின்று நாலு வார்த்தை பேசுங்கள். ஐந்தாம் மாடிக்காரர்களே, பாக்கி வேலையை இனி மதியமும் தாராளமாகச் செய்யலாம். முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள், புது சமையலறையைப் பார்க்க அம்மா வர வேண்டுமாம்.

நன்றியுடன்,
இரண்டாம் மாடியிலிருந்து