இலையை மட்டும் பார்த்துப் பொட்டாஷ் போடச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பகுதியில், "அடி இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு, மண் பரிசோதனைக்குக் காத்திராமல் பொட்டாஷ் இடலாம்" என்று ஒரு வரி வந்திருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி அச்சேறியிருக்கக் கூடாது.

சாம்பல் சத்து என்பது பொட்டாசியம்; அதைத் தரும் உரம்தான் பொட்டாஷ். பொட்டாசியம் செடிக்குள் இடம்பெயரும் சத்து. பற்றாக்குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்குப் போய்விடும். அதனால் அடி இலை முதலில் காயும். அது சரி. ஆனால் ஓரம் கருக அது ஒன்றுதான் காரணமா? உப்புத் தண்ணீராலும் கருகும், வேர் அடிபட்டாலும் கருகும். என் தோட்டத்தில் அவரை இலைகள் கருகியபோது பார்த்தவர்கள் எல்லாரும் பொட்டாஷ் போடத்தான் சொன்னார்கள். மண்ணைச் சோதித்தால் சாம்பல் சத்து தாராளமாக இருந்தது, உப்புதான் எகிறிக் கிடந்தது. பொட்டாஷ் என்று பெரும்பாலும் விற்கப்படும் பொட்டாசியம் குளோரைடும் ஓர் உப்புதானே? உங்கள் யோசனையைக் கேட்டிருந்தால் அந்தச் செடிகள் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேவைக்கு மேல் கொடுத்தாலும் செடி பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்புறம் மக்னீசியம் கிடைக்காமல் நரம்புகளுக்கு இடையே இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னோர் உரம் போடுவார்கள். இந்தச் சுழலில் எத்தனையோ பேர் மாட்டிக்கொள்வதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை உர அட்டவணை வெளியிட்டீர்கள். பரிசோதனை அறிக்கையில் வரும் பொட்டாசியமும், உர மூட்டையில் அச்சிடும் பொட்டாசியம் ஆக்சைடும் ஒரே கணக்கு என்பது போல இருந்தது. முன்னதை 1.2 ஆல் பெருக்கினால்தான் பின்னது வரும். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. தழைச்சத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறீர்கள். இலைத்துளைகளைத் திறந்து மூடி நீரைக் காப்பதும், இலையில் உருவான சர்க்கரை காய்களுக்கும் கிழங்குகளுக்கும் போய்ச்சேர உதவுவதும், அறுபதுக்கும் மேற்பட்ட நொதிகளை இயக்குவதும் பொட்டாசியம். அதற்கு மட்டும் எப்போதும் "நோய் எதிர்ப்புத் தரும்" என்று ஒற்றை வரி.

மண்ணிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேருக்கு உடனே கிடைப்பது 1, 2 சதவீதம்தான். ஆய்வகத்தில் அம்மோனியம் அசிட்டேட் கரைசலால் பிரித்து, சுடர் ஒளிமானியில் அளப்பது இந்தச் சிறு பங்கை. கண்ணுக்குத் தெரியாத இதை இலையின் ஓரத்தைப் பார்த்து எப்படி ஐயா கணிப்பது?

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால், மண் மாதிரி எடுக்கும் முறையையும் சேர்த்துவிடுங்கள்: எருக்குவியல், வரப்பு, மர நிழல், புதிதாக உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பல இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்ப வேண்டும். உரப்பை வேண்டாம், சுத்தமான துணிப்பை போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்