பழைய ஸ்பேனரை எடைக்குப் போடும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காரோடு வந்த டூல் கிட்டில் இருக்கும் ஸ்பேனர்கள் எந்த நட்டுக்கும் பொருந்தாத தப்பு சைஸ், அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் எடைக்குப் போட்டார்களோ!

அவை தப்பு சைஸே இல்லை. இன்றைக்கு ஒரு ஸ்பேனரில் 13 என்று இருந்தால் அதன் வாய் 13 மி.மீ. பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் அடித்திருப்பது வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். 1/4 டபிள்யூ என்றால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரைத் தரத்தில் கால் அங்குல போல்ட்டின் தலையைப் பிடிப்பது என்று அர்த்தம், வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 13.3 மி.மீ. இருக்கும். அந்தத் தலையில் 13 நுழையாது, 14 போட்டால் ஆடும், ஆட ஆட மூலையெல்லாம் மழுங்கிப்போகும். அதே ஸ்பேனரில் பக்கத்திலேயே 5/16 பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன், நெருக்கமான மரைக்கான தரம்) என்றும் இருக்கலாம். குழம்ப வேண்டாம், அந்த நெருக்கமான மரை போல்ட்டுக்குத் தலை ஒரு சைஸ் சிறியது, அதனால் ஒரே வாய் இரண்டுக்கும் பொருந்தும். பழைய அமெரிக்க ஸ்பேனரிலும் இந்தக் கதைதான், 1/2 யு.எஸ்.எஸ். (அன்றைய அமெரிக்க மரைத் தரம்) என்று இருந்தால் வாய் 7/8 அங்குலம். எல்லாவற்றுக்கும் மேல் எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய டி (T) வரிசைக் கார்களின் எஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த்! எந்த மகராசனுக்குத் தோன்றியதோ. அந்தக் காரில் கை வைக்க விட்வொர்த் ஸ்பேனர் இல்லாமல் முடியாது.

சரி, எந்தக் காலத்து ஸ்பேனர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்கச் சரக்கு என்றால் காப்புரிமைக் குறிப்பைத் தேடுங்கள். 1927-ல் அங்கே சட்டம் மாறியது, அதற்கு முன் பெரும்பாலும் காப்புரிமை கிடைத்த தேதியை அடிப்பார்கள், அப்புறம் எண்ணை அடித்தார்கள். 10 லட்சமாவது காப்புரிமை 1911-ல் வந்தது (அது ஒரு வண்டி டயருக்கு என்பது உபரித் தகவல்), 20 லட்சமாவது 1935-ல், ஆக 14 லட்சத்துச் சொச்சம் என்றால் இடையில் எங்கே வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்பேனர் அதே வருடம் செய்தது என்று ஆகிவிடாது, பல வருடம் கழித்தும் அதே அச்சில் அடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். தயாரிப்பாளர் முத்திரையும் உதவும், டைமண்டுக்குள் டபிள்யூ இருந்தால் வில்லியம்ஸ், முக்கோணத்துக்குள் பி இருந்தால் பில்லிங்ஸ். ஸ்னாப்-ஆன் கம்பெனி வருடத்துக்கு ஒரு குறி வைத்திருந்தது.

ஃபோர்டு என்று சாய்வெழுத்தில் இருக்கும் ஸ்பேனரைக் காட்டி, அபூர்வம் என்று விலை சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. மாடல் டி கார் மட்டும் 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி ஓடியது, காரோடு டூல் கிட்டும் போனது. சேர்க்க ஆரம்பிப்பவருக்கு நல்ல பொருள்தான், ஆனால் அபூர்வம் என்பதெல்லாம் அதிகப்படி.

துருவைப் பார்த்ததும் கிரைண்டரைத் தூக்குகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். பளபளவென்று ஆகும், உண்மை, ஆனால் முத்திரை, எண், காப்புரிமைத் தேதி எல்லாம் தூளோடு போய்விடும், அப்புறம் அது யார் செய்தது என்று அடையாளம் சொல்லவே வழியிருக்காது. வினிகரில் ஊறப்போட்டு, அவ்வப்போது பார்த்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவினால் போதும். இரண்டாம் உலகப் போரின்போது குரோமும் நிக்கலும் ராணுவத்துக்குப் போய்விட்டதால் அமெரிக்காவில் பல ஸ்பேனர்களுக்குக் காட்மியம் பூசினார்கள், மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும். அதைத் தேய்த்துத் தூள் கிளப்பவே கூடாது, காட்மியம் விஷம். வினிகரிலும் போடாதீர்கள், எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் டூல் கிட் ஒன்றை விரித்து வைத்து, ஸ்பேனரில் அடித்திருக்கும் எழுத்து படிக்கிற அளவுக்கு ஒரு படமும் போடுங்கள், காரின் படம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஸ்பேனர் சேர்க்கும் ஒரு வாசகர்