மீனுக்கு ஐஸு, மனுஷனுக்கு சுடு எண்ணெயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காசிமேட்டுல இருந்து எழுதுறேன். பத்து நாளைக்கு முன்னாடி பையன் ஃபுட்பால் ஆடப்போயி முழங்காலுக்குக் கீழ செம உதை வாங்கினு நொண்டினே வந்தான், தோல் கிழியல, ரத்தம் இல்ல, ஆனா எலும்புமேல கோழிமுட்டை கணக்கா புடைச்சிருந்துச்சு. நான் ஃபிரிட்ஜ தொறக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டு ஆயா நல்லெண்ணெய காய்ச்சி எடுத்தாந்து அழுத்தி உருவ ஆரம்பிச்சிட்டாங்க, பெரியவங்க, கைய புடிச்சி தடுக்கவா முடியும்? சாயங்காலம் வீக்கம் இன்னும் ஜாஸ்தி, ராத்திரி பூரா அவனும் தூங்கல நானும் தூங்கல.

அடிபட்ட எடத்துல தோலுக்கு அடியில குட்டி குட்டி ரத்தக்குழாய் உடைஞ்சி கசியறதுதான் ரத்தக்கட்டு. அந்த நேரத்துல சூடு வெச்சா குழாய் விரிஞ்சி இன்னும் கசியும், தேய்ச்சா கேக்கவே வேணாம். மொத ரெண்டு நாளு ஐஸ்தான், அதுவும் நேரா தோல்ல வெக்காம துணியில சுத்தி ஒரு வாட்டிக்கு கால் மணி நேரம், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, காலை தலகாணி மேல தூக்கி வெச்சிக்கணும். வெந்நீர் ஒத்தடம்லாம் அதுக்கப்புறம் குடுக்கலாம். ஆயா வைத்தியமே தப்புன்னு சொல்ல வரல, நாளுதான் தப்பு.

கொடுமை இன்னான்னா எங்க ஏரியாவுல ஐஸுக்கு பஞ்சமே கிடையாது. துறைமுகத்துல விடியக்காலைல கூடை கூடையா ஐஸ் கொட்டி வஞ்சிரத்த மூடுறவங்க, போட்ல வழுக்கி விழுந்தா மட்டும் வீட்டுக்கு வந்து வெந்நீர் வெக்க சொல்றாங்க! (மீன் ஐஸ எடுத்தா கவர்ல போட்டு இறுக்கி கட்டிக்கங்க, அது சுத்தம் இல்ல, காயத்துல படக்கூடாது.)

இப்ப பையனுக்கு நீலமா இருந்தது பச்சையாகி மஞ்சளா மாறினு வருது, ஆறுற அடையாளம், ஆயா என்னடான்னா சீழ் கோத்துக்கிச்சுன்றாங்க. காலை ஊனவே முடியலன்னா எக்ஸ்ரே பாத்துடணும். மண்டையில அடிபட்டு வாந்தி, தூக்கக்கலக்கம்னா வீட்ல ஒக்காந்து பத்து போட்டுனு இருக்காம 108க்கு போன் போடுங்க, இல்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில லேசா இடிச்சிக்கினா கூட டாக்டர்கிட்ட காட்டிடணும்.

இதையெல்லாம் ஒரு டாக்டர வெச்சி, பெரிய எழுத்துல உங்க பேப்பர்ல போடுங்க ஐயா. ஆயா தினமும் எழுத்துக்கூட்டி உங்க பேப்பர்தான் படிக்கறாங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க, பேப்பர்ல வந்தா கேப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காசிமேடு