அறிவியல் மன்றத்தின் ஆண்டறிக்கை: நிலநடுக்கத்தைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் நிலநடுக்கம் என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். 2004 டிசம்பர் 26 அன்று உற்றாரைக் கடலுக்குப் பறிகொடுத்த நாகப்பட்டினக் கரையில் வாழ்ந்துகொண்டு, அந்த அலையை எழுப்பியது எது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறோமே என மூத்த உறுப்பினர் ஒருவர் வருந்தியதே இதற்குத் தொடக்கம்.

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு மூங்கில் பிளாச்சை மெல்ல வளைத்தார்கள். ஒடிந்த நொடியில் இரு கைகளிலும் ஏறிய அதிர்வை அவர்கள் மறக்கமாட்டார்கள். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. விளிம்புகள் உராய்வால் பூட்டிக்கொள்ளும் இடங்களில் பாறை பிளாச்சைப் போலவே வளைந்து, பல்லாண்டு இறுக்கத்தைத் தேக்கி, தாங்காத கட்டத்தில் வழுக்கி விடுபடுகிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திற்குப் பின், நிலம் நகர்ந்த அளவுகளை ஆராய்ந்த அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ரீட் இவ்விளக்கத்தைத் தந்தார்.

சுமத்ராவை ஒட்டிய கடலடியில், இந்தியத் தட்டு பர்மா தட்டின் கீழே சரியும் எல்லை, அன்று காலை நம் நேரப்படி 6.28 மணிக்குச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு விடுபட்டது. வெளிப்பட்ட ஆற்றலைக் குறிக்கும் நிலநடுக்க அளவு 9.1. கடல்தரை உயர்ந்து மேலிருந்த நீரைத் தள்ளியது; அந்த நீர் நம் கரையேற இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆளில்லை என்ற இடத்தில் கூட்டம் சற்று நேரம் பேச்சின்றி இருந்தது.

அளவு மட்டுமே உயிரிழப்பைத் தீர்மானிப்பதில்லை என்பது இவ்வாண்டு நாம் கற்றவற்றுள் முதன்மையானது என்பது என் கருத்து. 2010 பிப்ரவரியில் சிலியில் 8.8 அளவில் நிலம் நடுங்கியபோது இறந்தோர் சுமார் 500 பேர். அதற்கு முந்தைய மாதம் ஹெய்ட்டியில், ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு ஆற்றலே வெளிப்பட்ட 7.0 அளவு நடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் நாட்டிலேயே, தட்டு விளிம்புக்கு வெகுதொலைவில் உள்ள மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில், 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் வெறும் 6.2 அளவில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். மண் சாந்தில் அடுக்கிய கனத்த கருங்கல் சுவர்கள் உறங்கியவர்கள் மீதே சரிந்தன.

சுமத்ராவை அடுத்த சிமலூ தீவைப் பற்றிய கூட்டத்திற்கே அதிகம் பேர் வந்தனர். 1907 பேரலையின் நினைவை ‘ஸ்மோங்’ என்ற சொல்லால் பாட்டிலும் கதையிலும் காத்துவந்த அத்தீவினர், நிலம் ஆடியதுமே மேட்டுக்கு ஓடியதால், சுமார் 78,000 பேரில் 2004இல் இறந்தவர்கள் ஏழு பேரே. ஆயினும் அவர்கள் பாடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. நடுக்கத்தின் மையம் நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் இங்கு நிலம் பலமாக ஆடாது. மேலும் 2004இல் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது, மேற்கே நம் பக்கம் வந்த முதல் அலையோ ஏறி வந்தது. கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று நம் தெருக்களில் இன்றும் நிலவும் நம்பிக்கையை அன்பர்கள் விடாது திருத்த வேண்டும்.

ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. அங்கிருந்து புறப்படும் செய்தி நம் கடைசித் தெரு வரை சேரும் வழியை உறுதிசெய்ய, தெருவுக்கு இருவரைப் பொறுப்பாக்கவும், மேடான இடத்துக்கு முதியோரை அழைத்துச் செல்லும் பாதையை ஆண்டுக்கு இருமுறை நடந்து பார்க்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரையுடன் இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்