வாயாடிக்கு ஒரு சர்க்கஸ் கடிதம்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோபம். "சர்க்கஸ்ல விடுறதுக்கா பொண்ணைத் தூக்கிக்கிட்டு அமெரிக்கா போனே?" என்று எழுதியிருந்தாய். விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய், தெரியும். ஆனால் அதே கேள்வியை மாமியார் போனில் வாரம் ஒரு தடவை வேறு வேறு தினுசில் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நீயும் ஆரம்பித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இப்போது ஆறிவிட்டது. சரி, கேள்.

பாப்பா சேர்ந்திருப்பது சர்க்கஸ் ஸ்மர்கஸ் என்கிற பிள்ளைகள் சர்க்கஸில். வெர்மாண்ட் மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு சின்ன ஊர், மொத்தமே ஆயிரம் பேர் இருக்க மாட்டார்கள். அங்கே 1987-ல் ராப் மெர்மின் என்பவர் ஆரம்பித்தது. அவர் 1969-ல் 19 வயதில் ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போய் சர்க்கஸில் சேர்ந்தவர். வீட்டைவிட்டு ஓடி சர்க்கஸில் சேர்வது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளின் பழைய கனவு. நம் பக்கத்தில் சினிமாவில் சேர மெட்ராஸுக்கு ரயிலேறுவார்களே, அந்த மாதிரி. ஓடிப்போகாமலே அது கிடைக்கட்டும் என்று அவர் ஒரு சர்க்கஸையே நடத்திவிட்டார். 10 வயதிலிருந்து 18 வயது வரை, ஏறக்குறைய 30 பிள்ளைகள். யானை, புலி எதுவும் கிடையாது. மழைக்காலத் தவளை மாதிரி கோடை விடுமுறையில் மட்டும் உயிர்பெறும் சர்க்கஸ். முதலில் கிரீன்ஸ்பரோவிலேயே தங்கி ஒத்திகை, அப்புறம் ஏழு வாரம் நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மாநிலங்கள் முழுக்க ஊர் ஊராகப் பயணம். பெரும்பாலான நாட்களில் மதியம் ஒரு காட்சி, மாலை ஒரு காட்சி.

கூடாரத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். நடுவில் ஒரே ஒரு ரிங், சுற்றிலும் 750 பேர் உட்காரலாம். நம் மதுரை தமுக்கம் மைதானத்தில் வந்த சர்க்கஸ் கூடாரங்களோடு பார்த்தால் குட்டிதான். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் ரிங்கில் இருக்கிற பிள்ளையின் மூச்சு வாங்குவது தெரியும். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்கும் பார், மிதிபட்ட புல்லும் வெயிலில் காய்ந்த தார்ப்பாயும் பாப்கார்ன் வெண்ணெயும் கலந்த வாசனை. கண்ணை மூடினால் நாம் இரண்டு பேரும் இரட்டைச் சடையோடு மரப்பலகை காலரியில் உட்கார்ந்திருக்கிறோம். பாப்கார்னுக்குப் பதில் வறுகடலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காட்சி முடிந்தால் நம் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் போய்விட முடியாது. ஓர் ஊரில் கடைசிக் காட்சி முடிந்த அரை மணியில், பளபள உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு கையுறையோடு வந்து நிற்கிறார்கள். கூடாரத்தை இறக்குவதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுருட்ட, மடிக்க, பெட்டி தூக்க இவர்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவாத மகராசி, அங்கே மழையில் நனைந்த கயிற்றைச் சேறு வழித்து, வளையம் வளையமாகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவள், திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தங்குவது கூடாரத்தில் இல்லை. எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். முன்பின் தெரியாத வீடு. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு வீடு, ஒரு படுக்கை, ஒரு நாய். ராத்திரி விழித்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று புரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே போவாளாம். ஒரு வீட்டில் இவள் சைவம் என்று தெரிந்ததும் அந்த அம்மா மூன்று வேளையும் விதவிதமான பாலாடைக்கட்டியாகவே கொடுத்துத் தள்ளிவிட்டார். இன்னொரு வீட்டில் ஒரு தாத்தா காலை ஐந்து மணிக்கு எழுந்து பான்கேக் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், பிள்ளைகள் எழுந்தது ஒன்பது மணிக்கு. கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதித் தலையணையில் வைத்துவிட்டு வருவது இவளுடைய பழக்கம்.

அவளுக்கு மேலிருந்து தொங்கும் துணியில் ஏறி ஆடுவதுதான் முக்கிய வித்தை. முழங்காலுக்குப் பின்னால் துணி உரசி உரசித் தோல் சிவந்து, சூடு போட்ட மாதிரி இருக்கிறது. உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே வரிசையாக நான்கு காய்ப்பு. "தொட்டுப் பாரும்மா" என்று பெருமையாக நீட்டுகிறாள். என் அப்பா கையில் இருந்தது அந்த மாதிரி, மர அறுவைப் பட்டறையில் வேலை பார்த்தாரே, அவர் கை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை மட்டும் அவள் பையில் திணித்தேன்.

முதல் காட்சி அன்றைக்கு துணியாட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்து ஆறு பேராக நின்று கிளப் என்கிற, பாட்டில் மாதிரி இருக்கும் கட்டையை வீசிப் பிடிக்கும் ஆட்டம். அதில் இவள் இரண்டு தடவை கோட்டை விட்டாள். இரண்டாவது தடவை அது உருண்டு முன்வரிசைக் குழந்தையின் காலடிக்கே போய்விட்டது. என் வயிறு பிசைந்தது. பபூன் வேஷம் போட்ட ஒரு பையன், பன்னிரண்டு வயதுகூட இருக்காது, ஓடிவந்து அந்தக் குழந்தையிடம் மண்டியிட்டு, ஏதோ ராணியிடம் செங்கோல் வாங்குவது மாதிரி இரண்டு கையிலும் அதை வாங்கி வந்து இவளிடம் கொடுத்தான். கூடாரமே சிரித்தது. மூன்றாவது முயற்சியில் பிடித்தபோது கைதட்டல், துணியாட்டத்துக்கு விழுந்ததைவிட அதிகம். அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆறு மாதம் தொங்கினதுக்கு இல்லாத தட்டல், கீழே போட்டதை எடுத்ததுக்கா என்று.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாம் எட்டாவது படிக்கும்போது தமுக்கத்தில் பார்த்தோமே, கம்பி மேல் குடை பிடித்துக்கொண்டு நடந்த சின்னப் பெண், நம்மைவிடக் குட்டி. "இவ எந்த ஸ்கூல்டி?" என்று நீ கேட்டாய். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணை நான் மறந்ததே இல்லை. 2011 ஏப்ரலில் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, நேபாளத்திலிருந்தெல்லாம் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் படித்துவிட்டு அன்று இரவு தூங்காமல் கிடந்தேன். அப்படிப்பட்டவள் என் பெண்ணைத் தேர்வுக்கு அழைத்துப் போனேன், தேர்வானதும் ஸ்வீட் வாங்கினேன். உன்னைவிட இதை நான் அதிகம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"காசுள்ள வீட்டுப் பிள்ளை தொங்கினா கலை, இல்லாத வீட்டுப் பிள்ளை தொங்கினா கொடுமையா?" என்று இவர் ஒருநாள் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் ஒத்திகையின் முதல் வாரம் ராத்திரி பத்தரைக்குப் பாப்பா போன் செய்தாள். ஒரே அழுகை. கை எரிகிறது, எல்லோரும் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள், வீட்டுக்கு வரணும் என்று. "மூணு மணி நேரம், மிஞ்சினா மூணரை. இப்பவே காரை எடுக்கிறேன்" என்றேன். செருப்புகூடப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "வேண்டாம், காலையில சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். காலையில் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு படம் மட்டும் அனுப்பினாள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. தமுக்கத்துப் பெண் அழுதிருந்தால் யாருக்குப் போன் செய்திருப்பாள், யார் செருப்பு மாட்டியிருப்பார்கள்? இவருக்கு நான் சொன்ன பதில் இது. அவர் முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது, பொய் சொல்வானேன்.

போன வாரம் சர்க்கஸ் எங்கள் பக்கமே வந்தது, வால்த்தமில் கோர் பிளேஸ் என்ற பழைய மாளிகையின் புல்வெளியில். பாப்பாவோடு இன்னும் இரண்டு பெண்களை எங்கள் வீட்டில் தங்க வைத்தோம். நாற்பது இட்லி ஊற்றினேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிளகாய்ப்பொடியைப் பார்த்துப் பயந்த ஒருத்தி மறுநாள் அதைத் தயிரில் குழைத்துத் தின்றாள். மூன்று பேரும் ஹாலில் தலைகீழாக நின்று டிவி பார்த்தார்கள். பாப்பா என்னோடு பேசியது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். வேன் வந்ததும் ஓடிவிட்டாள்.

படுக்கையை எடுத்து வைக்கப் போனேன். அவளுடைய சொந்த அறை, அவள் சின்ன வயதிலிருந்து தூங்கும் கட்டில். துண்டு நாலாக மடிக்கப்பட்டிருந்தது. தலையணையில் ஒரு சீட்டு: "தங்க இடம் கொடுத்ததற்கு மிக்க நன்றி. சாப்பாடு பிரமாதம். நாய் இல்லாதது மட்டும் குறை." பழக்க தோஷத்தில் எழுதினாளா, குறும்பா என்று கேட்கவில்லை. மடித்து மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நீ தலச்சேரியில் குடியிருக்கிறாய். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பள்ளி ஆரம்பித்த சிறக்கரை உனக்குப் பக்கம்தானே. உங்கள் தெருக்கோடியில் சர்க்கஸ் பாரில் தொங்கி ஆடின ஒரு பெரியவர் இருக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தாய். அடுத்த முறை பார்த்தால், உள்ளங்கைத் தோல் உரிந்தால் அந்தக் காலத்தில் என்ன தடவினார்கள் என்று கேட்டு எழுது. தேங்காய் எண்ணெய் போட்டால் துணி வழுக்குகிறதாம், வாத்தியார் திட்டுகிறாராம். சீக்கிரம் எழுது, இன்னும் இரண்டு வாரக் காட்சி பாக்கி இருக்கிறது.

உன்,
இரட்டைச் சடை